இரண்டாம் தடவை ஜீமெட்: கட்டணம் கட்டுமுன் கணக்கு முடியுங்கள்

எமது வியாபாரிகளின் பிள்ளைகள் உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு நேரே கடைக்கு வந்த காலம் மெல்ல மாறி வருகிறது. இன்று பட்டம் முடித்து, ஏதாவதொரு கம்பனியில் மூன்று நான்கு வருடம் வேலை பார்த்து, அதன் பின் வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க ஆசைப்படும் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் எமது குடும்பங்களில் இருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூரிலும் வளாகம் வைத்திருக்கும் பிரான்சின் இன்சியாட், ஹைதராபாத்திலுள்ள இந்தியன் ஸ்கூல் ஒஃப் பிஸ்னஸ் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிப்போர் எழுதும் நுழைவுப் பரீட்சைகளில் பிரதானமானது ஜீமெட். 1954ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் பரீட்சை இது.

அண்மையில் கெய்சர் வீதியில் துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நானா, மகன் ஜீமெட் எழுதினான். 565தான் வந்திருக்கு. திரும்ப எழுதப் போறேன் என்கிறான். இன்னொரு தடவை காசு கட்டவா, இல்லாட்டி போதும் என்று கடையில இருத்தவா?"

இந்தக் கேள்வியை வேறு சிலரும் கேட்கக்கூடும் என்பதால் பதிலை இப்பத்தியில் எழுதுகிறேன். நான் எம்.பி.ஏ. படித்தவனல்ல. ஆனால் முதல் தடவை நட்டப்பட்ட சரக்கை இரண்டாம் தடவை ஓடர் பண்ணுவதா, விடுவதா என்ற கேள்வி எந்த வியாபாரிக்கும் புதிதல்ல. நட்டம் எங்கே வந்தது என்று கணக்குப் பார்க்காமல் மீண்டும் ஓடர் பண்ணுபவனும் தவறு செய்கிறான். கணக்குப் பார்க்காமல் அந்த வியாபாரத்தையே கைவிடுபவனும் தவறு செய்கிறான். ஜீமெட்டுக்கும் இதே விதிதான். முதல் பரீட்சையின் கணக்கை முடித்த பின்னரே இரண்டாம் பரீட்சைக்குக் காசு கட்ட வேண்டும்.

இது செக்கண்ட் ஷை அல்ல

எங்களுக்குப் பழக்கமான மறுபரீட்சை உயர்தரத்தின் செக்கண்ட் ஷைதான். அதற்குப் பாடத்திட்டம் உண்டு. விட்டுப்போன பாடத்தைப் படித்து, பழைய வினாத்தாள்களைச் செய்து, ஒரு வருடம் டியூஷன் போனால் பெறுபேறு கூட வாய்ப்புண்டு. ஜீமெட்டையும் அப்படியே நினைத்து, பிள்ளையை மீண்டும் அதே வகுப்புக்கு அனுப்பி, அதே புத்தகத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்லும் தகப்பன்மார் இருக்கிறார்கள். இங்குதான் காசும் காலமும் வீணாகின்றன.

ஜீமெட் மனப்பாடத்தைச் சோதிக்கும் பரீட்சையல்ல. அதிலுள்ள கணக்கு பெரும்பாலும் சாதாரண தரத்தில் படித்ததுதான். தெரிந்த கணக்கை இரண்டு நிமிடத்துக்குள் சரியான வழியில் செய்கிறாரா, நீண்ட பந்தியை வாசித்து அதில் சொல்லப்பட்டதையும் சொல்லப்படாததையும் பிரித்தறிகிறாரா என்பதையே அது பார்க்கிறது. அதனால் இரண்டாம் தடவை எழுதுபவருக்கு அதிகம் தேவைப்படுவது புதிய பாடமல்ல, தன்னுடைய பிழைகளைப் பற்றிய அறிவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பரீட்சை 2023 நவம்பரில் புதிய வடிவம் பெற்றது. பழைய வடிவம் 2024 ஜனவரியுடன் முடிந்துவிட்டது. கட்டுரை எழுதும் பகுதி இப்போது இல்லை. ஆங்கில இலக்கணப் பிழை திருத்தும் வினாக்களும் இல்லை. கணக்கிலிருந்து கேத்திர கணிதம் நீக்கப்பட்டுவிட்டது. மூத்த பிள்ளை பாவித்த புத்தகத்தையோ, மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்ததையோ வைத்துப் படிப்பவர், பரீட்சையில் வராத பகுதிகளுக்கு வாரக்கணக்கில் உழைக்கிறார்.

புள்ளி முறையும் மாறிவிட்டது. முன்பு 200 முதல் 800 வரை இருந்தது. இப்போது 205 முதல் 805 வரை. "700 எடுத்தால்தான் நல்ல இடம்" என்று பத்து வருடத்துக்கு முன் போனவர்கள் சொல்வதைக் கேட்டு, 645 எடுத்த பிள்ளையைக் கடிந்து கொள்ளாதீர்கள். பரீட்சையை நடத்தும் அமைப்பு வெளியிட்ட ஒப்பீட்டின்படி இன்றைய 645 ஏறத்தாழ அன்றைய 700க்குச் சமம். பரீட்சை எழுதுவோரின் சராசரி 550 அளவில்தான் இருக்கிறது. ஆகவே எனது நண்பரின் மகன் எடுத்த 565 வெட்கப்படும் புள்ளியல்ல. அவர் போக விரும்பும் இடத்துக்கு அது போதுமா என்பதே கேள்வி.

மூன்று பகுதி, மூன்று கணக்கு

பரீட்சை மொத்தம் 2 மணி 15 நிமிடம். மூன்று பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணிதப் பகுதியில் 21 வினா, மொழிப் பகுதியில் 23 வினா, தரவு விளக்கப் பகுதியில் 20 வினா. மூன்றுக்கும் சம பெறுமதி. எந்தப் பகுதியை முதலில் செய்வது என்பதைப் பரீட்சார்த்தியே தெரிவு செய்யலாம். இடையில் ஒரு தடவை 10 நிமிட இடைவேளையும் எடுக்கலாம்.

கணிதத்தில் ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவும், மொழியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் கிடைக்கிறது. கல்குலேட்டர் தரவுப் பகுதிக்கு மட்டும்தான். கணினி எமது விடையைப் பார்த்து அடுத்த வினாவின் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும். வினாக்கள் வரவரக் கடினமாகின்றன என்றால் முன்னையவை சரியாகப் போகின்றன என்று அர்த்தம். இது தெரியாமல் நடுவில் மனம் தளர்ந்து போனவர்கள் பலர்.

இந்த மூன்று பகுதிகளையும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கடையில் வளர்ந்த பிள்ளைக்கு இவை அந்நியமானவையும் அல்ல.

ஓர் உதாரணம் பாருங்கள். 1000 ரூபாவுக்கு வாங்கிய சாரியில் 20 வீதம் கூட்டி விலை குறிக்கிறோம். சீசன் முடிந்ததும் குறித்த விலையில் 20 வீதம் கழிவு கொடுக்கிறோம். வந்த விலைக்கே விற்றோம் என்று புதிய பையன் நினைப்பான். குறித்த விலை 1200, கழிவு 240, கையில் வருவது 960. நாற்பது ரூபா நட்டம். கணிதப் பகுதியில் பலரை விழுத்தும் வீதக் கணக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

தரவுப் பகுதியில் ஒரு விசேட வினா வகை உண்டு. அதில் விடையைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. தரப்பட்ட தகவல் விடைக்குப் போதுமா என்று சொன்னால் சரி. ஒரு பொருளை விற்றதில் கொள்விலையில் எத்தனை வீதம் இலாபம் என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். முதலாம் தகவல், விற்ற விலை கொள்விலையை விட 500 ரூபா அதிகம். இரண்டாம் தகவல், விற்ற விலை கொள்விலையின் 125 வீதம். முதலாவது மட்டும் போதாது. கொள்விலை ஆயிரமா, ஐம்பதாயிரமா என்று தெரியாமல் வீதம் சொல்ல முடியாது. இரண்டாவது தனியே போதும். இலாபம் 25 வீதம். கடனுக்குச் சரக்குக் கேட்டு வரும் புதிய ஆளைப் பற்றி, "இவ்வளவு தெரிந்தால் போதுமா, இன்னும் விசாரிக்க வேண்டுமா" என்று நாம் தினமும் யோசிப்பதும் இதைத்தானே?

மொழிப் பகுதியிலும் அப்படியே. "புதிய பெயர்ப்பலகை போட்ட மாதம் விற்பனை கூடியது; ஆகவே பெயர்ப்பலகைதான் காரணம்" என்று ஒருவர் வாதிடுகிறார். அந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று கேட்பார்கள். அந்த மாதம் பெருநாள் சீசன் என்ற தகவல் வந்தால் வாதம் விழுந்துவிடும். இதை எந்த முதலாளியும் சொல்வார். ஆங்கிலத்தில், இரண்டு நிமிடத்துக்குள் சொல்வதுதான் சிரமம். எமது தமிழ்மொழி மூலப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இதற்கு மருந்து இலக்கணப் புத்தகமல்ல. தினமும் கனமான ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வாசித்து, எழுதியவர் சொல்ல வருவது என்ன, ஆதாரம் என்ன என்று இரண்டு வரியில் எழுதிப் பழகுவதுதான்.

நட்டம் எங்கே?

இனி முதல் பரீட்சையின் கணக்கைப் பார்ப்போம். பரீட்சையில் வந்த வினாக்களைப் பின்னர் பார்க்க முடியாது. ஆனால் பெறுபேற்று அறிக்கையில் ஒவ்வொரு பகுதியிலும், ஒவ்வொரு வினா வகையிலும் எப்படிச் செய்தார், நேரத்தை எப்படிச் செலவழித்தார் என்ற விபரம் இருக்கிறது. பல தகப்பன்மார் மொத்தப் புள்ளியை மட்டும் கேட்கிறார்கள். மாத முடிவில் மொத்த விற்பனையை மட்டும் கேட்டு, எந்தச் சரக்கு ஓடியது, எது தேங்கியது என்று கேட்காத முதலாளிக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை.

அறிக்கையைப் பார்த்த பின் ஒரு கொப்பி வாங்குங்கள். பயிற்சியில் பிழைத்த ஒவ்வொரு வினாவையும் அதில் மூன்றில் ஒரு பக்கத்தில் பதிய வேண்டும். முதலாவது, விடயமே தெரியாமல் பிழைத்தது. இரண்டாவது, தெரிந்திருந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காமலோ, கணக்கில் கைதவறியோ பிழைத்தது. மூன்றாவது, நேரம் போதாமல் அவசரப்பட்டுப் பிழைத்தது.

இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதல் வகைக்குத்தான் ஆசிரியரும் புத்தகமும் தேவை. இரண்டாம் வகைக்கு, கேட்கப்பட்டது என்ன என்பதைக் கணக்குத் தொடங்குமுன் ஒரு வரியில் எழுதும் பழக்கம் தேவை. மூன்றாம் வகைக்கு, எந்த வினாவை விட்டுவிட்டு நகர வேண்டும் என்ற துணிவு தேவை. ஒரு வினாவோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுபவர், அதற்காகக் கடைசியில் இரண்டு வினாக்களைப் பலி கொடுக்கிறார். விடையளிக்காமல் விடப்படும் வினாக்களுக்குப் புள்ளி குறைக்கப்படுவதால், ஊகித்தாவது எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். சந்தேகமான வினாக்களை அடையாளமிட்டு வைத்து, பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றவும் புதிய முறையில் இடமுண்டு. நேரம் மிஞ்சாதவருக்கு அந்தச் சலுகையால் பயனில்லை.

இரண்டு வாரம் இப்படிப் பதிந்தால் கொப்பியே பேசும். பிழைகளில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் விழுந்திருந்தால், இன்னொரு வகுப்புக்கு இலட்சக்கணக்கில் கட்டுவதில் அர்த்தமில்லை.

காசும் திகதியும்

பரீட்சைக் கட்டணம் நாட்டுக்கு நாடு சற்று வேறுபட்டாலும் 300 அமெரிக்க டொலர் அளவில் இருக்கிறது. 2021இல் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது 60,000 ரூபாவாக இருந்த தொகை, 300 ரூபா என்று பார்த்தால் 90,000. திகதி மாற்றினால் மேலதிகக் கட்டணமும் உண்டு. பரீட்சை நெருங்க நெருங்க அது கூடும். ஆகவே கோபத்தில் பெறுபேறு வந்த அன்றே மறுதிகதி எடுப்பது வியாபாரிக்கு அழகல்ல.

ஒரு பரீட்சைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 16 நாள் இடைவெளி வேண்டும். 12 மாதத்துக்குள் ஐந்து தடவைதான் எழுதலாம் என்பது விதி. 16 நாளில் எழுத முடியும் என்பதால் 16 நாளில் தயாராகிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வேலைக்குப் போகும் பிள்ளை வார நாட்களில் ஒன்றரை மணித்தியாலம், வார இறுதியில் ஐந்து மணித்தியாலம் என்று படித்தால் வாரத்துக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம். எட்டு வாரத்தில் 100 மணித்தியாலம். ஒழுங்காகத் திருத்திக் கொள்ள அவ்வளவாவது தேவை. அமெரிக்காவின் பல வியாபாரக் கல்லூரிகள் முதல் சுற்று விண்ணப்பத்தைச் செப்டெம்பரிலும், இரண்டாம் சுற்றை ஜனவரி முற்பகுதியிலும் முடிக்கின்றன. அந்தத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திகதி எடுங்கள். பெருநாள் சீசனில் பிள்ளை கடையில் நிற்க வேண்டியிருந்தால் அந்த மாதத்தைத் தவிருங்கள்.

உத்தியோகபூர்வ மாதிரிப் பரீட்சைகள் இரண்டு இலவசமாகக் கிடைக்கின்றன, மேலதிகமானவற்றுக்குக் காசு. ஒரே மாதிரிப் பரீட்சையைத் திரும்பத் திரும்பச் செய்தால் பார்த்த வினாக்களே வந்து புள்ளி பொய்யாக உயரும். ஆகவே செய்யாத மாதிரிப் பரீட்சை இரண்டையாவது கடைசி மூன்று வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அவற்றில் இலக்குப் புள்ளி வந்தால் மட்டுமே பரீட்சைக்குப் போக வேண்டும்.

சின்ன விடயம் ஒன்று, ஆனால் எமது பிள்ளைகளுக்கு முக்கியமானது. பதிவு செய்யும் பெயர் கடவுச்சீட்டிலுள்ள பெயருடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், கடவுச்சீட்டில் வேறொரு விதம். பரீட்சை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டிய காசும் போய்விடும்.

"பரீட்சையில் வந்த அசல் வினாக்கள் எங்களிடம் இருக்கின்றன" என்று விளம்பரம் செய்வோரிடமும் அகப்பட வேண்டாம். 2008இல் ஸ்கோர்டொப் என்ற இணையத்தளம் இப்படிச் செய்து, அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. அதன் பின் பரீட்சார்த்திகள் பலரது புள்ளிகளும் ரத்துச் செய்யப்பட்டன. களவுச் சரக்கு வாங்கியவனுக்கு நடப்பதே இங்கும் நடக்கும்.

எப்போது வேண்டாம்?

எல்லோரும் இரண்டாம் தடவை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலாவது, விண்ணப்பிக்கும் கல்லூரி வெளியிடும் கடந்த வருட மாணவர்களின் புள்ளி வீச்சுக்குள் பிள்ளையின் புள்ளி ஏற்கெனவே இருந்தால், மீதி நேரத்தை விண்ணப்பக் கட்டுரைக்கும் நேர்முகத்துக்கும் செலவழிப்பது மேல். இரண்டாவது, இரண்டு மாதம் கொப்பி எழுதியும் மாதிரிப் பரீட்சையில் அசைவில்லையென்றால் ஜீ.ஆர்.ஈ. என்ற மாற்றுப் பரீட்சையை ஒரு தடவை முயன்று பார்க்கலாம். பெரும்பாலான கல்லூரிகள் அதையும் ஏற்கின்றன. மூன்றாவது, பிள்ளைக்கே விருப்பமில்லாமல் வாப்பாவின் கௌரவத்துக்காக எழுதுவதாக இருந்தால் தயவு செய்து அந்தக் காசைச் சேமியுங்கள். ஜீமெட் கேட்காமல் தங்கள் தெரிவு முறையில் சேர்க்கும் எம்.பி.ஏ. கற்கைநெறிகள் இங்கேயே உண்டு. கடையைப் பார்த்துக் கொண்டே படிக்க விரும்புபவருக்கு அது தாழ்வான வழியல்ல.

ஆனால் பிள்ளை தானே விரும்பி, பிழைகளை எழுதிக் காட்டி, திகதியோடு ஒரு திட்டமும் தந்தால், இரண்டாம் வாய்ப்பை மறுக்க வேண்டாம். இதில் மகன், மகள் என்ற பேதமும் வேண்டாம். மகன் மூன்று தடவை எழுதினாலும் "முயற்சி செய்கிறான்" என்று பெருமைப்படும் வீடுகளில், மகள் ஒரு தடவை குறைவாக எடுத்தவுடன் "போதும், வீட்டில இரு" என்ற பேச்சு வந்துவிடுகிறது. அதே கொப்பி, அதே மாதிரிப் பரீட்சைப் புள்ளி, அதே கணக்குத்தான் இருவருக்கும்.

தகப்பன்மாருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. பிள்ளைக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது கட்டணம் மட்டுமல்ல. சுபஹுக்குப் பின் ஒன்றரை மணித்தியாலம் யாரும் கூப்பிடாத ஓர் அறை. வங்கிக்கு ஓடு, கண்டெய்னர் வந்திருக்கு என்று எட்டு வாரத்துக்குச் சொல்லாமல் இருத்தல். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் புள்ளியைச் சொல்லிக் கவலைப்படாமல் இருத்தல். இவை காசு செலவில்லாத உதவிகள். இவை இல்லாமல் கட்டும் 90,000 ரூபா, பூட்டில்லாத களஞ்சியத்தில் இறக்கிய சரக்குக்குச் சமம்.

எனது நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். மகனிடம் பெறுபேற்று அறிக்கையையும் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டையும் பார்த்த பின் காசு கட்டுவதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.